நத்தைக்குத் தெரியாதவை

அத்தியாயம் ஐந்து

"டிக்கெட்டை ரத்து பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். அவர் இருக்கற வீட்டு விலாசத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

அந்தப் பெண் மருந்துக்கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை. அதன் பையிலிருந்து, யாருக்கோ கொடுக்க எடுத்து மறந்துபோன மாத்திரை அட்டை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் துப்பறிய வந்து வெகு காலம் ஆகிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் விடாமல் கூடவே வந்துவிட்டது.

"விலாசம் தெரியாமலா டிக்கெட் எடுத்தீங்க?" என்றான் தந்தி. அவன் உதவியாளன். காதில் விழுந்ததை அடுத்த நிமிடமே அடுத்த வீட்டில் சேர்த்துவிடுவான் என்று சின்ன வயதிலேயே வைத்த பெயர். "இறங்கி யாரைக் கேட்பீங்க? பஸ் ஸ்டாண்டையா?"

"டேய்."

"சும்மா கேட்டேங்க்கா."

"அவர் அந்தச் சுரங்க ஊருலதான் இருக்கார். அது தெரியும்," என்றாள் அவள். "எந்த வீட்டுல, யாரோடங்கறதுதான் தெரியல."

'யாரோட' என்று சொல்லும்போது அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வக்கீலம்மா அதைக் கவனித்தார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்? முதல்லேருந்து சொல்லும்மா."

அவள் சொன்னாள்.

அவள் கணவர் ஒரு கள நிருபர். ஆனால் அவர் எழுதுவது எந்தக் கடையிலும் தொங்காது. வாரம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஓர் அறிக்கை. அதை வாங்குபவர்கள் சரக்கு இன்சூரன்ஸ்காரர்கள், லாரி கம்பெனிக்காரர்கள், ஆலை முதலாளிகள், வங்கிக்காரர்கள். அவர்களுக்குத் தலைப்புச் செய்தி வேண்டாம். அடுத்த மாதம் இந்த மலைச்சாலையில் லாரி போகலாமா, போனால் முழுசாகத் திரும்புமா, அந்த ஊர் ஆளுநர் நீடிப்பாரா, நீடிக்காவிட்டால் கதவடைப்பு வருமா என்பதுதான் வேண்டும். அரசாங்கப் பணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. 'எங்கள் ஆள் அந்த இடத்தில் போய் நிற்பான், கண்ணால் பார்ப்பான், எழுதுவான்.' அதுதான் அந்த அலுவலகத்தின் ஒரே பெருமை. நிருபர்களின் பெயரை வெளியே விடமாட்டார்கள். இவருக்கு அங்கே பெயர் 'நத்தை'. எங்கே போனாலும் மெதுவாகப் போவார், வீட்டையே முதுகில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பை.

"அலுவலகத்தை நடத்தறது யாரு?"

"என் அண்ணன். அண்ணாவும் இவரும் காலேஜ்ல ஒரே ரூம். அப்படித்தான் எங்க கல்யாணமே நடந்தது."

"அப்ப விலாசத்தை அண்ணன்கிட்டயே கேட்கலாமே?"

"கேட்டாச்சு. 'ரகசியம், சொல்லக் கூடாது'ங்கறார். அந்த ஊருல போன் டவரை எல்லாம் அரசாங்கம் நிறுத்திடுச்சு. லாரி டிரைவர் மூலமா அறிக்கை வருது, ஆள் சௌக்கியம், உன்னையும் பாப்பாவையும் விசாரிச்சான்னு வாரா வாரம் சொல்றார். சொல்றப்ப என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறார் மேடம். சுவத்தைப் பார்க்கறார். சின்ன வயசுல என் பொம்மையை உடைச்சிட்டு இப்படித்தான் சுவத்தைப் பார்ப்பார்."

"அதனால?"

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் தள்ளுவண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.

"அங்க அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு. அண்ணா சிநேகிதனைக் காப்பாத்தறார். எனக்குச் சண்டை போட வேண்டாம் மேடம். கதவைத் தட்டணும், அவர் திறக்கணும், ஒரு தடவை பார்க்கணும். அப்புறம் நான் பாட்டுக்குத் திரும்பி வந்துடுவேன்."

தந்தி வாயைத் திறந்தான். வக்கீலம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு கட்டு அறிக்கைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அவர் எழுதினதெல்லாம் எடுத்து வெச்சிருப்பேன். பாருங்க, போன வாரம்கூட எழுதியிருக்கார். மலைச்சாலை திறந்திருக்கு, பஸ் ஓடுதுன்னு. அதைப் பார்த்துத்தான் டிக்கெட்டே எடுத்தேன்."

வக்கீலம்மா ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"அக்கா எதையும் வாலிலேருந்துதான் பிடிப்பாங்க," என்று தந்தி விளக்கம் சொன்னான். "கல்யாணப் பத்திரிகையைக் குடுத்தாக்கூட அச்சகம் பேரைத்தான் முதல்ல படிப்பாங்க."

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். மேலே, 'எனக்குத் தெரியாதவை.'

"இது என்னம்மா?"

அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்து போனது. "அது அவர் கொண்டு வந்த வழக்கம். என்னவெல்லாம் தெரியலைன்னு கடைசியில எழுதியே ஆகணும். அதை எழுதாத அறிக்கையை அச்சுக்கே அனுப்ப மாட்டாங்க. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே எங்கிட்ட அப்படித்தான் பேசினார். 'எனக்குச் சமைக்கத் தெரியாது, கோபப்படத் தெரியாது, எந்த மாசம் வீட்டுல இருப்பேன்னு தெரியாது'ன்னு வரிசையா சொன்னார். மத்த மாப்பிள்ளைங்க எல்லாம் தெரிஞ்சதைத்தான் சொன்னாங்க. நான் இதுக்குத்தான் சரின்னேன்."

வக்கீலம்மா பழைய அறிக்கைகள் சிலவற்றையும் புதியவை சிலவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். கடைசிக் கட்டங்களை மட்டும் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்கத் தொடங்கினார். அழுக்கே இல்லாத கண்ணாடியை அவர் துடைத்தால் எதற்கு என்று தந்திக்குத் தெரியும். அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கிளம்பலாம்," என்றார் வக்கீலம்மா. "உங்க அண்ணன் ஆபீசுக்கு. நீங்க கார்லயே இருங்க. கூப்பிட்டா வந்தா போதும்."

---

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. குறுகலான படி. இரண்டே அறைகள். முன்னறையில் இருந்தவர்கள் மதியம் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளறையில் சுவர் முழுக்க ஒரு வரைபடம். அதில் மலைச்சாலைகள் சிவப்பில், பாலங்கள் கறுப்பில். அதன் கீழே ஒரு நீள மேஜை, மூன்று பழைய தொலைபேசிகள், மேஜைக்குப் பின்னால் எடிட்டர்.

எடிட்டர் தங்கையைப் போலவே நெற்றி அகலமானவர். சட்டை நன்றாகத் தேய்த்திருந்தது. முகம்தான் தேய்க்காமல் கசங்கியிருந்தது.

"விலாசம் தர முடியாது மேடம்," என்றார், வக்கீலம்மா சொல்லி முடிக்குமுன்பே. "தங்கச்சிக்கு இல்ல, எங்க அம்மா இருந்து கேட்டிருந்தாலும் தர மாட்டேன். அங்க இருக்கறவன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்."

"ஆள் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கான்." எடிட்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் வரைபடம் இருந்ததால், ஏதோ ஊரைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்லதா போச்சு," என்றான் தந்தி. "அங்க குளிர் எப்படின்னு எழுதியிருக்காரா சார்? ரெண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வெக்கணும். சின்னக் குழந்தை வேற."

"யாருக்கு ஸ்வெட்டர்?"

"உங்க தங்கச்சி சொல்லலையா?" என்றார் வக்கீலம்மா சாதாரணமாக. "நாளைக்குக் காலையில முதல் பஸ்ல கிளம்பறாங்க. குழந்தையையும் கூட்டிக்கிட்டு. அந்தச் சுரங்க ஊருக்கு."

எடிட்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது.

"அந்த ரோட்டுல போகக் கூடாது!"

கீழே கடையில் யாரோ எழுத்துப் பலகையைப் பெரிதிலிருந்து சிறிதாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலம்மா போன வார அறிக்கையை விரித்தார். "'மலைச்சாலை திறந்திருக்கிறது. பேருந்துகள் வழக்கம்போல் ஓடுகின்றன.' அங்க இருக்கற உங்க ஆள் எழுதினது. நீங்க அச்சடிச்சது. ஏன் போகக் கூடாது?"

எடிட்டர் மேஜைமேல் இருந்த ஒரு தொலைபேசியை நேராக நகர்த்தி வைத்தார்.

"சந்தா கட்டினவங்க இதை நம்பலாம். கூடப் பிறந்தவ நம்பக் கூடாதா?"

"மேடம், அது... நிலைமை தினமும் மாறும்..."

"நிலைமை மாறலை சார். மாறினது வேற." வக்கீலம்மா இன்னொரு தாளை அதன் பக்கத்தில் வைத்தார். "இது பழைய அறிக்கை. நத்தைக்கு என்ன தெரியாதுன்னு பாருங்க. சுரங்க அமைச்சர் பதவி விலகுவாரான்னு தெரியாது. தலைநகர்ல யார் யாரோட பேசறாங்கன்னு தெரியாது. ஆளுநரை மாத்துவாங்களான்னு தெரியாது. சரிதானே? அங்க தெருவுல நிக்கற மனுஷனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனா ஊருக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கார். எந்தக் கடை பாதி ஷட்டரோட வியாபாரம் பண்ணுது, லாரிக்காரங்க எந்த இடத்துல கண்ணாடியை ஏத்திக்கறாங்க, எல்லாம்."

எடிட்டர் தாளைப் பார்க்கவில்லை. அவருக்கு அது மனப்பாடம்.

"இப்ப புதுசைப் பாருங்க. அமைச்சர் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கு. தலைநகர்ல யார் யாரோட சாப்பிட்டாங்கங்கற வரைக்கும். ஆனா தெரியாதவை என்ன? 'பாலத்தருகே உள்ள பேக்கரி திறந்திருக்கிறதா என்று தெரியாது. எடை மேடையில் லாரிகள் எந்தப் பக்கம் வரிசை நிற்கின்றன என்று தெரியாது. மாலையில் தெருவிளக்குகள் எரிகின்றனவா என்று தெரியாது.' எழுந்து நாலு அடி நடந்தா தெரிஞ்சுடும் சார் இது. அங்க இருக்கற ஒருத்தருக்கு எப்படித் தெரியாம போகும்?"

தந்தி மெல்லிய குரலில் சொன்னான்: "தெரியாதது இடம் மாறியிருக்கு."

"ஆமா. முன்னாடி அங்க இருந்துக்கிட்டு இங்க தலைநகர்ல நடக்கறது தெரியல. இப்ப எழுதறவர் இங்க உட்கார்ந்திருக்கார். இந்த மூணு போனை வெச்சுக்கிட்டு."

எடிட்டரின் கை மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டது.

"நீங்க பொய் சொல்லப் பழகாதவர்," என்றார் வக்கீலம்மா. குரலில் கோர்ட்டு இல்லை. "அவர் பேர்ல எழுதினீங்க, அவர் நடையில எழுதினீங்க, ரோடு திறந்திருக்குன்னு அரசாங்கம் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டீங்க. ஆனா தெரியாததைத் தெரியும்னு எழுத மட்டும் கை வரல. போலி அறிக்கையிலகூட உங்களுக்கு நிஜமா எது தெரியலையோ அதைத்தான் எழுதியிருக்கீங்க. அவர் எப்ப செத்தார்?"

எடிட்டர் சரிந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினார். அதில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு மாசம் ஆகப் போகுது."

தந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே நின்ற காரின் முன்கண்ணாடியில் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளைக் கோட்டு தெரிந்தது.

"நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன்," என்றார் வக்கீலம்மா. "நீங்க சொல்லணும். தந்தி, கூட்டிட்டு வா."

---

தந்தி படி இறங்கி வருவதைப் பார்த்ததும் அவள் கார் கதவைத் திறந்தாள்.

"விலாசம் கிடைச்சுதா?"

அவன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"என்னங்க, இவ்வளவு நேரம் விடாம பேசினீங்க. மேல யாராவது திட்டிட்டாங்களா?"

"மேல வாங்க," என்றான்.

முதல் சில படிகளை அவள் வேகமாக ஏறினாள். பாதிப் படியில் நின்றாள். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"அங்க வேற யாரும் இல்ல. அப்படித்தானே?"

தந்திக்குச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ சேதிகளைச் சேர்த்துப் பழக்கம். அன்றைக்குக் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவர் இன்னொருத்தியோட இருக்கணும்னு கடவுளை வேண்டிக்கிட்டேதான் இவ்வளவு நேரம் கார்ல உட்கார்ந்திருந்தேன்," என்றாள் அவள். மீதிப் படிகளை ஏறினாள்.

---

எடிட்டர் தங்கையை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"குட்டி..."

"சுவத்தைப் பார்க்காதே அண்ணா. என்னைப் பார்த்துச் சொல்லு."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

சுரங்க ஊரில் ஆயுதக்காரர்கள் லாரிகளை நிறுத்திக் கப்பம் வாங்குவதை நத்தை கண்டுபிடித்து எழுதியிருந்தார். போலீஸ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தார். அறிக்கை அச்சுக்குப் போகும் முன் சந்தாதாரர்களுக்கு ஒரு சுருக்கம் போகும். அதைப் படித்துவிட்டு ஒரு சந்தாதாரர் போன் செய்தார். இது நேரில் பார்த்ததா, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினதா, நேரில் பார்த்தது என்றால் அறிக்கையில் அது தெரிய வேண்டாமா என்று கேட்டார்.

"எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நம்ம ஆள் நேர்ல நிக்கறான், அதுதானே நம்ம பெருமைன்னு நானே ஒரு வரி சேர்த்தேன். 'எடை மேடைக்கு எதிரே உள்ள லாட்ஜின் மேல்மாடி ஜன்னலிலிருந்து எங்கள் நிருபர் பார்த்தது.' அவன் அதை எழுதலை. அவன் எழுதவே மாட்டான். நான் எழுதினேன்."

"அங்க எத்தனை லாட்ஜ் இருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"ஒண்ணுதான். மேல் மாடியில ஒரே ஒரு ஜன்னல்."

அவர் தங்கை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த அறிக்கை வெளியான வாரமே நடந்துடுச்சு. பாலத்துக்குக் கீழ கிடந்தானாம். லாரி டிரைவர்தான் இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு ஆத்தோரமா புதைச்சிட்டு வந்து எங்கிட்டச் சொன்னார்."

"டிரைவர் சொன்னா நீ நம்பிடுவியா?" அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. "ஒருத்தர் சொன்னா எழுதக் கூடாதுன்னு அவருக்குப் பாடம் எடுத்ததே நீதானே? ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூணு பேர் சொல்லணும்பியே! ஒரே ஒரு டிரைவர் சொன்னான்னு என் புருஷனை..."

"மூணு பேர்கிட்டக் கேட்டேன் குட்டி."

அவள் நிறுத்தினாள்.

"டிரைவரை நம்பலை. லாட்ஜ்காரர் ஊரைவிட்டு வந்துட்டார், அவரைத் தேடிப் போய் கேட்டேன். அப்புறம் அங்க வேலை பார்த்த ஒரு நர்ஸ். யாராவது ஒருத்தர் மாத்திச் சொல்ல மாட்டாங்களான்னுதான் போனேன். மூணு பேரும் ஒண்ணையேதான் சொன்னாங்க."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்ததால், தந்தி அதை அவசரமாக நகர்த்த வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், பிறகு ஒவ்வொன்றாகப் போட்டாள். எடிட்டர் அவள் தோளைத் தொடப் போனார்.

"தொடாதே."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் எழுதினே அவர் பேர்ல?"

"முதல் வாரம் உங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன். வாசல்லயே நீ அறிக்கையைக் கேட்டே. 'இந்த வாரம் அவர் எழுதலையா'ன்னு. இருக்கு, ஆபீஸ்ல வெச்சுட்டு வந்துட்டேன்னு வாயில வந்துடுச்சு. திரும்பி வந்து எழுதினேன். எழுதறப்ப அவன் எப்படி எழுதுவான், என்ன சொல்லுவான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கணும். அவன் கூடவே உட்கார்ந்திருக்கற மாதிரி இருந்தது. அடுத்த வாரமும் எழுதினேன்."

அவள் நீண்ட நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. கூடவே, அதே மாதிரி ராத்திரிகளை அவளும் கழித்தவள் என்பதும் இருந்தது. கணவருடைய ஒவ்வொரு வரியையும் அவர் குரலில் படித்துக்கொண்டு.

"ரோடு திறந்திருக்குன்னு போட்டிருக்கே," என்றாள் கடைசியில். "நான் டிக்கெட் எடுத்தேன். இதைப் படிச்சுட்டு இன்னும் எத்தனை பேர் அந்த ரோட்டுல லாரி அனுப்பறாங்க?"

எடிட்டருக்கு முகம் வெளிறியது. அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணு. ஒவ்வொருத்தருக்கா. அவர் இல்லைன்னு சொல்லு. இதுவரைக்கும் வந்தது அவர் எழுதினது இல்லைன்னு சொல்லு."

"இந்த ஆபீஸையே மூட வேண்டி வரும் குட்டி."

"மூடு."

வக்கீலம்மா எடிட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அந்த ஒரு வரி உங்க சந்தாதாரங்களைத் தவிர வேற யார் கைக்கும் போகலை. அதை ஆயுதக்காரங்ககிட்டக் குடுத்தது அவங்கள்ல ஒருத்தர்தான். அன்னிக்கு போன் பண்ணிக் கேட்டது யாரு?"

"அவர் ஓர் ஆலை முதலாளி. போன மாசம் மாரடைப்புல போயிட்டார். கேட்டது நல்ல எண்ணத்துலதான்னு நினைக்கிறேன். காட்டிக் குடுத்தது யார்னு எனக்குத் தெரியல மேடம்."

"சரி. டயல் பண்ணுங்க."

முதல் எண் ஒரு லாரி கம்பெனி. எடிட்டர் ரிசீவரைக் காதில் வைத்தார். "வணக்கம் சார். அந்த மலைச்சாலையில வண்டி அனுப்பாதீங்க. ஆமா, போன வாரம் திறந்திருக்குன்னு போட்டிருந்தோம். அது தப்பு. எங்க நிருபர்... எங்க நிருபர் இறந்துட்டார்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து முதன்முதலாகச் சத்தமாக விழுந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தந்தி தண்ணீர் கொண்டுவந்தான், அவள் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

லாரி கம்பெனிக்காரர் கெட்ட வார்த்தையில் கத்துவது வெளியே கேட்டது. எடிட்டர் கேட்டுக்கொண்டார். அடுத்தது ஒரு வங்கி. அவர்கள் சந்தாவை அப்போதே நிறுத்தினார்கள். அதற்கடுத்தவர் ஓர் ஆலைக்காரர், எப்படி இறந்தார் என்று கேட்டுவிட்டுப் பேச முடியாமல் வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் எடிட்டர் அதே சொல்லைச் சொன்னார்.

அடுத்த எண்ணைச் சுழற்றிவிட்டு அவர் பேச முயன்றார். சத்தம் வரவில்லை. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று ஒரு கனிவான குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்து அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"நான் நத்தையோட மனைவி பேசறேன்," என்றாள். "உங்களுக்கு மலை ஊரிலேருந்து எழுதிக்கிட்டிருந்தாரே, அவர். இறந்துட்டார் சார்."

மறுமுனையில் பேச்சு நீண்டது. ஆறுதல்தான் என்பது அவள் தலை லேசாக ஆடியதிலிருந்து தெரிந்தது. பிறகு தலை ஆடுவது நின்றது.

அவள் உள்ளங்கையால் ரிசீவரின் வாயை மூடினாள்.

"அண்ணா, இது யாரு?"

"சரக்கு இன்சூரன்ஸ். நம்ம பழைய சந்தாதாரர். ஏன்?"

"இவருக்கு எங்களைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கியா? பாப்பாவைப் பத்தி?"

"சத்தியமா இல்ல. நத்தை ஆணா பொண்ணான்னுகூட அவங்க யாருக்கும் தெரியாது."

அவள் வக்கீலம்மாவைப் பார்த்தாள். கண்ணீர் இப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது.

"'ஐயோ, முன்பல் ரெண்டும் விழுந்த பச்சைக் குழந்தையாச்சேம்மா'ங்கறார் மேடம். அவர் கிளம்பின வாரம்தான் பாப்பாவுக்குப் பல் விழுந்தது. பல்லில்லாம சிரிக்கறதை ஸ்டுடியோவுல ஒரே ஒரு படம் எடுத்து, தன் பர்ஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போனார். அந்தப் படம் வேற யார்கிட்டயும் இல்ல. இப்ப அவளுக்குப் பல் முளைச்சாச்சு."

தந்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். எடிட்டர் சுவரில் சாய்ந்தார். வக்கீலம்மா தொலைபேசியைக் காட்டி, விடாதே என்பது போல் கையை அசைத்தார்.

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரிசீவரிலிருந்து உள்ளங்கையை எடுத்தாள்.

"சொல்லுங்க சார்," என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."